பஞ்சு மேடம்

“ரெண்டு ஜோடி கிளவுஸ் போடுங்கண்ணே. இப்பக் கையைச் சோப்புத் தண்ணியில முக்குங்க. இன்னும் நல்லா. ம், இந்தப் பாக்கெட்டைப் பிரிங்க பார்ப்போம்.”

ஆபரேஷன் தியேட்டர் நடைவழியில் யார் சிக்கினாலும் இதே கதிதான். நர்ஸ் சிக்கினால் நர்ஸ், மயக்க மருந்து டாக்டர் சிக்கினால் அவர், யாரும் சிக்காவிட்டால் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற நான். ஆபரேஷனில் ரத்தம் பட்டு வழுக்குவது போல வழுக்குகிற விரலோடு பாக்கெட்டின் மூலையைத் தேடித் தடவிக்கொண்டிருக்கும்போது மேடம் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். கட்டை விரலையே பார்ப்பார். எங்கே நழுவுகிறது, எங்கே பல்லைக் கடிக்கிறோம், எப்போது பொறுமை போய் வெடுக்கென்று கிழிக்கிறோம் என்று. ஒருநாள் நான் கிழித்த கிழியில் உள்ளேயிருந்த வெள்ளைக் கட்டி துள்ளிப்போய் லிஃப்ட் கதவின் இடுக்கில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார்கள். இவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “இதுதாண்ணே வேணும். இப்படித்தான் ஆகும்னு எங்க லேப் ஆளுங்ககிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே தரையில் குப்புறப் படுத்து, இடுக்குக்குள் பேனாவை விட்டுக் குடைய ஆரம்பித்தார். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் படியேறிப் போனார்கள்.

அவர் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வால் மாதிரி நீளும். எங்களுக்கு அவர் பஞ்சு மேடம். அந்தக் கட்டியை வைத்து வந்த பெயர். பார்த்தால் பஞ்சு, தொட்டால் காய்ந்த ரொட்டி. கட்டை விரல் அளவு. உள்ளே முழுக்கத் துளை. எலும்பு நொறுங்கி நடுவில் ஒரு துண்டே இல்லாமல் போய்விட்டால், அந்தச் சந்தில் இதை வைத்துத் தைத்துவிடுவது. உடம்பு அதன் துளைகளுக்குள் புகுந்து தன் சொந்த எலும்பைக் கட்டிக்கொள்ளும். எலும்பு வளர வளரக் கட்டி கரைந்துகொண்டே போகும். கடைசியில் தேடினாலும் கிடைக்காது. “நான் செஞ்சது அங்க காணாமப் போயிருக்கணும்ணே. அப்பதான் எனக்குப் பாஸ் மார்க்கு” என்பார். இப்படி ஒரு பாஸ் மார்க்கை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆள் குட்டை. நடை ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில். தலைமுடியைக் கையில் கிடைத்ததை வைத்து முடிந்திருப்பார். ஒருநாள் ரப்பர் வளையம், ஒருநாள் பென்சில், ஒருநாள் ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற பட்டை. டீ குடிக்க உட்கார்ந்தால் பிஸ்கட்டை நம்மைப் போல முக்கித் தின்ன மாட்டார். நுனியை மட்டும் டீயில் தொட வைத்துவிட்டு, டீ மெல்ல மேலே ஏறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பாதி ஏறுவதற்குள் பிஸ்கட் இற்று விழுந்துவிடும். “ஓட்டை பெருசு, சுவரு மெல்லிசு” என்று பிஸ்கட் கம்பெனியைக் குறை சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார். அவர் குடித்த டம்ளரைக் கழுவுகிற கேன்டீன்காரர், அடியில் ஒரு வண்டல் குளமே இருப்பதாக அலுத்துக்கொள்வார்.

தெருவில் யாராவது நொண்டி நடந்தால் போச்சு. எந்தக் காலில் வலி, எலும்பா மூட்டா என்று கண்டுபிடிக்காமல் அவரால் தன் வேலையைப் பார்க்க முடியாது. பின்னாலேயே போவார். அப்படிப் போய் ஒரு போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டு, செருப்பு கடித்த புண் என்று தெரிந்துகொண்டு திரும்பிய கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். ஆட்டின் காலில் கட்டியை வைத்துப் பார்த்த காலத்தில், அந்த ஆடு முதல் வாரம் எப்படி நடந்தது, பிறகு எப்படி நடந்தது என்று எங்கள் நடைவழியிலேயே நடந்து காட்டுவார். பார்வையாளர் நேரத்தில் ஒருமுறை காட்டப்போய், பழக்கூடையோடு வந்த ஒரு குடும்பம் வார்டு மாறி வந்துவிட்டோமோ என்று திகைத்து நின்றது.

வீட்டில் இவருடைய மாமியார், மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களிடம், “எலும்பு செய்யறா” என்று சொல்லிவிடுவாராம். கேட்டவர்கள் அதற்கு மேல் பேச்சை வளர்க்க மாட்டார்களாம். “எங்க தெருவுல எனக்குத் தொந்தரவே கெடையாதுண்ணே” என்பார்.

முயலுக்கு வைத்தாயிற்று, ஆட்டுக்கு வைத்தாயிற்று. மனிதருக்கு வைக்க அனுமதி வாங்குவதற்குள் இவருக்கு முன்தலை நரைத்துவிட்டது. ஒரு கமிட்டி சரி என்றால் அடுத்த கமிட்டி உதட்டைப் பிதுக்கும். அவர்களை அவர் ஒருநாளும் குறை சொல்லிக் கேட்டதில்லை. தன் காலில் வைப்பதாக இருந்தால் தானும் அத்தனை கேள்வி கேட்பேன் என்பார். கடைசியில் அனுமதி வந்தது. முதல் ஆளும் வந்தார்.

அவர் ஒரு பெயின்டர். முப்பது வயதைத் தாண்டிய ஆள், கட்டுமஸ்தான உடம்பு. மாடி வீட்டுக்கு வெளிச்சுவர் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து, கீழ்க்கால் எலும்பு நொறுங்கிவிட்டது. இரண்டு ஆபரேஷன் செய்தும் நடுத்துண்டு சேரவில்லை. காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டிக்கொண்டு வார்டில் கிடந்தார். இந்தத் தடவையும் சேராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று எங்கள் ஆணி டாக்டர் சொல்லிவிட்டார். ஆணி டாக்டர் என்பது எலும்பு சர்ஜனுக்கு நாங்கள் வைத்த பெயர். உடைந்த எலும்புக்கு ஆணியும் பிளேட்டும் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வார்த்தையைச் செலவு செய்வதிலும் அவரளவு சிக்கனக்காரர் இல்லை.

பஞ்சு மேடம் பெயின்டரின் கட்டிலில் உட்கார்ந்து கட்டியைக் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரில் விரிசல் விட்டால் பட்டி வைத்து அடைக்கிற மாதிரியா என்று கேட்டார். இல்லை, சாரம் கட்டுகிற மாதிரி என்றார் மேடம். சாரத்தில் ஏறி நின்று வேலை செய்வது உங்கள் உடம்புதான், வேலை முடிந்ததும் சாரம் தானே பிரிந்துவிடும் என்று விளக்கினார்.

பெயின்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “சாரத்துலேருந்து விழுந்துதான் இங்க வந்தேன். இப்ப சாரத்தையே உள்ள கட்டப்போறாங்களாம்டி.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. மேடத்தையே பார்த்துக் கேட்டார்: “ஆட்டுக்கு வச்சோம்னு சொல்றீங்களே, அந்த ஆடு இப்ப நடக்குதாக்கா?”

“நடக்கலம்மா, ஓடுது. எடை பார்க்கப் புடிக்கத்தான் நாலு பேர் வேண்டியிருக்கு” என்றார் மேடம். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “ஆனா ஆடு வேற, மனுசங்க வேற. மனுசருக்கு இதுதான் முதல் தடவை. சேராமலும் போகலாம். அதைச் சொல்லாம நான் கையெழுத்து வாங்க மாட்டேன்” என்றார். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாள் பேசிக்கொண்டார்கள். சரி என்றார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டியைச் சந்தில் வைக்கும் முன்னால் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து ஊசியில் எடுத்த ரத்தத்தில் அதை நிற்க வைக்க வேண்டும். ரத்தம் துளை துளையாக மேலே ஏறி நிறைய வேண்டும். எலும்பு கட்டுகிற ஆட்கள் எல்லாம் அந்த ரத்தத்தில்தான் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் அதன் மேல் தண்ணீர் படவே கூடாது. ஏன் என்று ஒரு நர்ஸ் கேட்டதற்கு மேடம் சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. “பஸ்ஸுல சீட்டு மாதிரி சிஸ்டர். தண்ணி முதல்ல ஏறி உக்காந்துடுச்சுன்னா, ரத்தம் படிக்கட்டுலதான் தொங்கும்.”

தியேட்டரிலோ பழக்கம் நேர் எதிர். ஆணியோ திருகோ பிளேட்டோ, பாக்கெட்டிலிருந்து எது வெளியே வந்தாலும் உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு முக்கு முக்கித்தான் டாக்டர் கையில் போகும். தியேட்டரின் மூத்த நர்ஸான பெரிய சிஸ்டர் சர்வீஸ் முழுக்க அப்படி முக்கிக் கொடுத்தவர். அவர் கை ஒரு தடவை தவறி நான் பார்த்ததில்லை. மேடம் அவருக்குப் பழக்கம் கொடுக்க வந்ததும் சிஸ்டருக்கு மூக்கின் மேல் கோபம். “பாக்கெட் பிரிக்க எனக்குப் பாடமா?” என்று என்னிடம் முணுமுணுத்தார். ஆனால் வேலை என்று வந்தால் சிஸ்டர் சிஸ்டர்தான். பழகிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் கட்டி நேராக ரத்தத் தட்டுக்குப் போனது.

எல்லாருக்கும் திருப்தி, மேடத்தைத் தவிர. பழகும்போது யாரும் பேசுவதில்லை, தியேட்டரில் பேசுவார்களே என்று அவருக்கு ஒரு குடைச்சல். அடுத்த ஒத்திகையில், சிஸ்டர் பாக்கெட்டைப் பிரிக்கிற நேரம் பார்த்து, உங்கள் மகளுக்கு வரன் பார்த்தீர்களே, என்னாயிற்று என்று கேட்டார். சிஸ்டர் மாப்பிள்ளை வீட்டாரின் அழிச்சாட்டியத்தைச் சொல்லத் தொடங்கினார். வாய் அங்கே போக, கை தன் வழியே போய்க் கட்டியைக் கிண்ணத்தில் போட்டது. சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். தன் கையை யாரோ அந்நியர் கை மாதிரி பார்த்தார். அன்றே ஆணி டாக்டரிடம் சொல்லி, கிண்ணத்தைக் கைக்கு எட்டாத மேசைக்கு மாற்றுவதாக முடிவானது.

அந்த நாள் வந்தது. தியேட்டருக்குள் மேடத்துக்கு இடம் சுவரோரம். அவர் கை கழுவி உடை மாட்டிய ஆள் இல்லை, எதையும் தொடக் கூடாது. முன்பு ஆட்டு ஆபரேஷனில் ஆவல் தாங்காமல் எட்டிப்பார்க்கப் போய் ஆணி டாக்டரின் முழங்கையில் இடித்து, அவர் மறுபடி முதலிலிருந்து கை கழுவி வர வேண்டியதாகிவிட்டதாம். அதனால் டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் தரையில் ஒரு பிளாஸ்திரிக் கோடு ஒட்டச் சொன்னார். “மேடம், இதைத் தாண்டினா வெளியே போயிடணும்.” மேடம் சமர்த்தாகத் தலையாட்டினார். இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டார். கால் விரல் மட்டும் கோட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

பெயின்டருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் துணித் திரை. ஆள் முழுக்க விழித்திருந்தார். மயக்க மருந்து டாக்டரிடம் தியேட்டர்ச் சுவரின் பச்சையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பூச்சு அடிக்காமல் விட்டிருக்கிறார்களாம்.

கட்டிகள் மொத்தம் இரண்டு. ஒன்று வைக்க, ஒன்று கைகாவலுக்கு. அந்தத் தொகுதியில் சோதனை எல்லாம் தாண்டி மனிதருக்கு வைக்கத் தகுதியாக நின்றவை அவ்வளவுதான். அடுத்த தொகுதி வர மாதக்கணக்காகும். அந்தக் கால் அதுவரை தாங்காது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. இடையில் ஓர் இடத்தில் ரத்தம் கசிந்து, சந்தைக் கழுவுவதற்காக ஆணி டாக்டர் உப்புத் தண்ணீர் கேட்டார். தூரத்து மேசையிலிருந்த கிண்ணம் பக்கத்துக்கு வந்தது. கழுவினார்கள். கிண்ணம் அங்கேயே நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, மேடம் நின்ற இடத்திலிருந்து டாக்டரின் முதுகுதான் தெரியும். இடுப்பிலிருந்து எடுத்த ரத்தம் தட்டில் தயாராக வந்தது. சிஸ்டர் பாக்கெட்டைப் பிரித்தார். அதே சமயம் டாக்டர் அடுத்து வேண்டிய பிளேட்டின் அளவைச் சொன்னார். சிஸ்டர் திரும்பி அந்த அளவை இளைய நர்ஸிடம் சொன்னார். கை கிண்ணத்துக்குப் போனது.

சளப்பென்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். வெள்ளைக் கட்டி தண்ணீரைக் குடித்து, வெளுப்புப் போய்க் கலங்கல் கண்ணாடி மாதிரி ஆனது.

சிஸ்டரின் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து பெயின்டரின் குரல் வந்தது. “என்னங்க, எல்லாரும் பேச்சை நிறுத்திட்டீங்க?”

மேடம் சுவரோரத்திலிருந்து சொன்னார். “ஒண்ணு தண்ணியில நனைஞ்சிடுச்சு தம்பி. இன்னும் ஒண்ணு இருக்கு.”

“நனைஞ்ச செவத்துல பெயின்ட் நிக்காதுக்கா. காஞ்சதை எடுங்க” என்றார் அவர்.

ஆணி டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். இளைய நர்ஸைக் கைகாட்டி, “நீ பிரிச்சுக் குடும்மா” என்றார். சிஸ்டரும் ஒதுங்கப் பார்த்தார்.

“வேண்டாம் சார்” என்றார் மேடம். “சிஸ்டரே குடுக்கட்டும்.”

“மேடம், ரத்தம் உறைஞ்சிடும். இது ஒண்ணுதான் பாக்கி.”

“அதனாலதான் சொல்றேன். இந்த ரூம்ல இப்ப அந்தத் தப்பைச் செய்யவே செய்யாத கை அவங்க கை ஒண்ணுதான் சார்.”

டாக்டர் ஒரு மூச்சு விடுகிற நேரம் யோசித்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்துத் தலையை அசைத்தார். சிஸ்டர் முதலில் கிண்ணத்தைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். “இதை என் கண்ணுல படாத எடத்துக்குக் கொண்டுபோ.” கொண்டுபோனேன். திரும்பி வருவதற்குள் புதுக் கையுறை மாட்டிவிட்டார். பாக்கெட்டின் மூலை முதல் இழுப்பில் பிரிந்தது; நாங்கள் எல்லாரும் சோப்புக் கையோடு தடவித் தடவிச் சரிசெய்த மூலை அது. கட்டி நேராகத் தட்டுக்குப் போய் நின்றது.

அதற்கப்புறம் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடியில் ஒரு சிவப்புக் கோடு. அது அகலமாகி, விரல் விரலாகப் பிரிந்து மேலே ஏறியது. ஓரிடத்தில் நிற்கும், நின்றுவிட்டதோ என்று நினைப்பதற்குள் பக்கத்துத் துளை வழியாகத் தாவும். டாக்டர் குனிந்தார், இளைய நர்ஸ் குனிந்தார், மயக்க மருந்து டாக்டர் தன் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஆணி டாக்டர் எங்களுக்குத் தெரிந்து முதல் முறையாகத் தேவையில்லாத ஒரு வார்த்தை பேசினார். “ஏறுது, ஏறுது” என்றார். உச்சி வரை சிவந்துவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மேடத்தின் கால் பெருவிரல் பிளாஸ்திரி மேல் ஏறியிருந்தது. நான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே மேடம் ஒரு புதுப் பொருளோடு நடைவழியில் நின்றார். கட்டியை இப்போது ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்திருந்தார். ரத்த ஊசியை அந்தக் குழாயிலேயே மாட்டி அழுத்தினால் ரத்தம் நேராகக் கட்டிக்குள் போய்விடும். சிவந்த பிறகுதான் குழாய் திறக்கும். கிண்ணம் பக்கத்திலேயே இருந்தாலும் முக்க வழியில்லை. “சிஸ்டர் கையை மாத்தறதுக்கு நான் யாருண்ணே? என் பாக்கெட்டைத்தான் மாத்தணும்” என்றார். அந்தக் குழாயைச் சோப்புக் கையோடு முதலில் பிரித்துப் பார்த்தது பெரிய சிஸ்டர். மூடி இறுக்கமாக இருக்கிறது, விரல் பிடிக்க வரிவரியாகப் பள்ளம் வேண்டும், அம்புக்குறி எதிர்ப் பக்கம் இருக்கிறது என்று வரிசையாகக் குறை சொன்னார். மேடம் ஒவ்வொன்றுக்கும் குதிக்காத குறைதான். இப்போது வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து பழக வருகிற நர்ஸ்களிடம் சிஸ்டர், “இது என் தப்புல பொறந்த பாக்கெட்” என்று அறிமுகம் செய்து வைக்கிறார். அதில் ஒரு தாயின் மிடுக்கு இருக்கிறது.

பெயின்டரின் எக்ஸ்ரேக்களை மேடம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முதல் படத்தில் சந்து சந்தாகவே இருந்தது. அடுத்ததில் ஏதோ புகை மாதிரி என்றார். பெயின்டர், தனக்கு ஒரு இழவும் தெரியவில்லை, நீங்கள் கண்ணாடியைத் துடையுங்கள் என்றார். அதற்கடுத்த படத்தில் புகை மேகமானது. பிறகு ஒரு படத்தை டாக்டரே விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு வளையத்தைக் கழற்றினார்கள்.

போன மாதம் பயிற்சி அறையில் அவரை நிற்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. எதிரே மனைவி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. டாக்டர் முழு எடையையும் அந்தக் காலில் போடச் சொன்னார். பெயின்டர் நின்றார். “நிக்கிறேன் சார்” என்றார். மனைவிக்குக் கண் தளும்பிவிட்டது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஞ்சு மேடம் மட்டும் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, குதிகாலைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, அடியில் செருகினார். கால் கீழே வந்ததும் தாளைப் பிடித்து இழுத்தார். தாள் சுளுவாக வந்துவிட்டது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். பெயின்டர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எடை முழுக்கக் கையிலும் நல்ல காலிலும்தான் இருந்திருக்கிறது.

“கீழ உக்காந்து கண்டுபுடிக்கிறாங்க பாருடி” என்றார் மனைவியிடம். மனைவி கம்பியைப் பிடித்திருந்த புருஷனின் ஒரு கையை ஒவ்வொரு விரலாகத் தானே எடுத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றார்.

மேடம் தாளை மறுபடியும் செருகினார். பெயின்டர் கண்ணை மூடினார். மற்ற கையையும் கம்பியிலிருந்து எடுத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, நல்ல காலைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கினார்.

மேடம் இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பர்ரென்று தாள் கிழிந்து பாதி கையோடு வந்தது. அதைத் தூக்கி அப்பால் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் குனிந்து, குதிகாலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீதித் துணுக்கை நகத்தால் பற்றி இழுக்க ஆரம்பித்தார்.